கிளச் புதுசு, கியர் விழவில்லை: கியர் பாக்ஸைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை



குழுக் கடனில் ஆடு, மாடு, தையல் மெஷின் வாங்கியவர்களுக்காக நமது இதழில் எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. லோடு வண்டி வாங்கிய குழுக்களுக்காக ஒன்றுகூட வந்ததில்லை. அதற்குக் காரணம், எழுதுகிற எனக்கே வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதுதான். சமூகப்பணிப் படிப்பில் கிளச் பற்றிப் பாடம் கிடையாது. நான் ஓட்டுகிற ஸ்கூட்டியில் கிளச் பிடிக்கிற வேலையும் கிடையாது. இப்போது கொஞ்சம் தெரியும். தெரிந்துகொண்டதற்கு ஒரு குழு கொடுத்த விலை அதிகம். ஆகவே மற்றக் குழுக்களுக்கு அது இலவசமாகக் கிடைக்கட்டும் என்று எழுதுகிறேன்.

மணமேல்குடி வட்டாரத்தில் நம் குழு ஒன்று வங்கிக் கடனில் ஒரு பழைய லோடு வண்டி வாங்கியது. நாம் "குட்டி யானை" என்று சொல்வோமே, அந்த மாதிரி சின்ன வண்டி. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் துறையில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, அறந்தாங்கிப் பக்கம் கொண்டுபோவார்கள். மீன் இல்லாத நாளில் கருவாடு, கடைச் சாமான், கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று வாடகைக்குப் போகும். ஓட்டுவது உறுப்பினர் ஒருவரின் மகன். மாதத் தவணையை இந்த ஓட்டத்தில்தான் கட்ட வேண்டும்.

ஒரு நாள் எஞ்சின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. கிளச் தேய்ந்துவிட்டது என்று பட்டறையில் சொன்னார்கள். அது உண்மைதான். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்துக் கிளச் செட் மாற்றினார்கள். மறுநாள் காலையில் முதல் கியரே விழவில்லை. ரிவர்ஸ் போட்டால் "கர்ர்ர்" என்று சத்தம். திரும்பப் போய்க் கேட்டதற்கு, "புது பிளேட்டுக்கா, ஓட ஓட செட் ஆயிடும்" என்று பதில் வந்தது. பையனும் மூன்று வாரம் கியரை அடித்து அடித்துப் போட்டு ஓட்டினான். செட் ஆகவில்லை. பிறகு வேறொரு பட்டறையில் காட்டினால், "கியர் பாக்ஸ் போயிருச்சு, இறக்கிப் பிரிக்கணும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். நாலு மாதத் தவணைக்கு மேலே வரும் தொகை.

ஊக்குநர் எனக்குப் போன் செய்து, "என்ன மேடம் செய்யறது?" என்று கேட்டார். "தெரிஞ்சவங்க சொல்றாங்க, சரியாத்தான் இருக்கும். தீர்மானம் போட்டு எடுத்துக் குடுத்துடுங்க" என்றேன். அந்தப் பதிலை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. நல்லவேளை, அந்தக் குழுவில் ஒரு அக்கா, "எதுக்குன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று தீர்மான நோட்டை மூடி வைத்துவிட்டார். அவர் பிடிவாதத்தால்தான் வண்டி மூன்றாவதாக ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனது. என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பெரியவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொன்னார். கையெழுத்துப் போடாத அந்த அக்காவையே டிரைவர் சீட்டில் ஏறி உட்காரச் சொன்னார். "கிளச்ச மிதிச்சுக்கிட்டு ஒவ்வொரு கியரா போடுத்தா." போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ரிவர்ஸ், எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்தது. பிறகு நியூட்ரலில் வைத்து எஞ்சினை ஓடவிட்டு அதையே செய்யச் சொன்னார். முதல் கியர் கல் மாதிரி நின்றது. ரிவர்ஸ் கத்தியது.

"கியர் பாக்ஸ்ல கோளாறுன்னா, எஞ்சின் ஆப்ல மட்டும் எப்படித்தா விழும்?" என்று கேட்டார் பெரியவர்.

அந்தக் கேள்வியை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் மீதி உள்ளதெல்லாம் அதற்கு விளக்கம்தான்.

கிளச் என்ன செய்கிறது?

தையல் மெஷினில் பாபினுக்கு நூல் சுற்றும்போது என்ன செய்வோம்? கைச்சக்கரத்தின் நடுவில் இருக்கிற திருகைத் தளர்த்துவோம். தளர்த்தினால் சக்கரம் மட்டும் சுற்றும், ஊசி ஏறி இறங்காது. நூல் சுற்றி முடித்துத் திருகை இறுக்கினால் ஊசி மறுபடி ஓடும். அதுவும் ஒரு கிளச்தான். சுற்றுகிற பக்கத்தையும் வேலை செய்கிற பக்கத்தையும் வேண்டும்போது சேர்ப்பது, வேண்டாதபோது பிரிப்பது. திருகைச் சரியாகத் தளர்த்தாமல் நூல் சுற்றிப் பாருங்கள், ஊசி கூடவே துடித்துக்கொண்டிருக்கும். நம் வண்டியின் சீக்கும் அந்தத் துடிப்புதான்.

வண்டியில் எஞ்சினோடு சேர்ந்து ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம் சுற்றுகிறது. அதை ஒட்டிக் கிளச் பிளேட். வட்டத் தட்டு, இரண்டு பக்கமும் பிரேக் லைனிங் மாதிரி சொரசொரப்பான பட்டை. இந்தத் தட்டு, கியர் பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டு வரும் தண்டின் பற்களில் கோத்து நிற்கிறது. பின்னாலிருந்து பிரஷர் பிளேட் அதன் ஸ்பிரிங் பலத்தால் தட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தம் இருக்கும்வரை மூன்றும் ஒன்றாகச் சுற்றும், எஞ்சின் பலம் சக்கரத்துக்குப் போகும். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் ஸ்பிரிங்கின் விரல்களைத் தள்ளும். பிரஷர் பிளேட் பின்வாங்கும். தட்டு இரண்டு பக்கமும் விடுபட்டு நிற்கும்.

எவ்வளவு விடுபடும் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நகத்தின் கனம்தான். பெடல் மிதிப்பதில் கொஞ்சம் வீணாகப் போனாலும் அந்த நகக்கனம் கிடைக்காது. தட்டு ஃப்ளைவீலில் உரசிக்கொண்டே இருக்கும், கியர் பாக்ஸின் தண்டும் கூடவே சுற்றும். நிற்கிற பல்லில் சுற்றுகிற பல்லைக் கொண்டுபோய்க் கோக்க முடியாது. அதனால்தான் கியர் விழாது. எஞ்சினை நிறுத்தினால் எதுவும் சுற்றாது, கியர் விழும்.

ஆக, எஞ்சின் நின்றிருக்கும்போது கியர் சுலபமாக விழுந்து, ஓடும்போது விழவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளச் முழுதாகப் பிரிகிறதா என்பதைத்தான். கியர் பாக்ஸைப் பிரிக்கிற பேச்சு அதற்கு அப்புறம்தான் வரவேண்டும்.

நாமே செய்து பார்க்கும் சோதனை

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். கை பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கிளச் சரியாகப் பிரியாத வண்டி கியர் விழுந்த உடனே குதிக்கும். இதைச் சும்மா எச்சரிக்கைக்காகச் சொல்லவில்லை.

முதலில் எஞ்சின் நிறுத்தி எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு கியர் தட்டி நின்றால் பயப்பட வேண்டாம். பல்லுக்கு நேராகப் பல் நின்றாலும் அப்படி ஆகும். பெடலை விட்டு மறுபடி மிதித்துப் போட்டால் விழுந்துவிடும். பிறகு நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, பெடலைத் தரை வரை மிதித்து, மனதுக்குள் பத்து வரை எண்ணி, ரிவர்ஸ் போடுங்கள். நிறைய வண்டிகளில் மற்றக் கியர்களுக்கு உள்ளே வேகத்தைச் சமமாக்கித் தரும் பித்தளை வளையம் இருக்கும் (பட்டறையில் "சின்க்ரோ" என்பார்கள்), ரிவர்ஸுக்கு மட்டும் இருக்காது. அதனால் ரிவர்ஸ் பொய் சொல்லாது. பத்து எண்ணுவதற்குள் தண்டு சுற்றி அடங்கியிருக்க வேண்டும். அப்புறமும் "கர்ர்ர்" என்றால் கிளச் பிரியவில்லை.

எஞ்சின் நின்றிருந்தாலும் எல்லாக் கியரும் கடினம் என்றால் கதை வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன். ஒரே ஒரு கியர் மட்டும், அதுவும் வண்டி ஓடும்போது மட்டும் கத்துகிறது, மற்றவை சுகமாக விழுகின்றன என்றால் அந்தக் கியரின் வளையம் தேய்ந்திருக்கலாம். அது கியர் பாக்ஸ் வேலைதான். அங்கே மெக்கானிக் சொல்வதில் தப்பில்லை.

பெரும்பாலும் ஒயர்தான்

பெரியவர் அடுத்துச் செய்தது, பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தது. எந்தக் கிளச் பெடலும் ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் கனமில்லாமல் இறங்கும். அதற்குப் பிறகுதான் எதிர்ப்புத் தெரியும். கனமில்லாத அந்தத் தூரத்தைப் "பிளே" என்கிறார்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் போட்டிருக்கும். பல வண்டிகளில் ஒன்றிரண்டு விரல் அகலத்துக்குள் இருக்கும். இந்த வண்டியில் பெடல் பாதித் தூரம் வரை சும்மா இறங்கியது.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பெரியவர் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. பழைய பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்கள் ரிலீஸ் பேரிங் பக்கமாக நகர்ந்து வரும், பிளே குறையும். பிளே இல்லாமல் போனால் கிளச் வழுக்கும். ஆகவே ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் கிளச் ஒயரைக் கொஞ்சம் தளர்த்திவிடுவார். வருடக்கணக்கில் இப்படித் தளர்த்திக்கொண்டே வந்த ஒயர் அது. இப்போது கனமான புதுப் பிளேட் போட்டாயிற்று. விரல்கள் பழைய இடத்துக்கே திரும்பிப் போய்விட்டன. ஒயர் மட்டும் தேய்ந்த பிளேட்டின் அளவிலேயே நிற்கிறது. பெடல் மிதிப்பதில் பாதி அந்தத் தளர்வை இழுப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது.

அதாவது, புதுக் கிளச் போட்டால் ஒயரைப் புதிதாக அளவு வைக்க வேண்டும். அந்தப் பட்டறையில் கிளச் போட்டார்கள், அளவு வைக்கவில்லை. (சில வண்டிகளில் தானே அளவு வைத்துக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. அதையும் புதுப் பிளேட் போடும்போது பழைய நிலைக்குத் திருப்பி வைக்க வேண்டியிருக்கும்.)

ஒயரின் நுனியில் ஒரு நட்டும், அதைப் பூட்ட இன்னொரு நட்டும் உண்டு. பெரியவர் நட்டை முறுக்கிப் பிளேயைக் குறைத்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். எஞ்சினை ஓடவிட்டு அக்காவையே கியர் போடச் சொன்னார். முதல் கியர் விழுந்தது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. எங்கள் நாலு பேருக்கும் பேச்சு வரவில்லை.

"இன்னும் ரெண்டு சுத்து முறுக்கிட்டா இன்னும் நல்லா விழும்ல?" என்று பையன் கேட்டான். கூடாதாம். பிளேயே இல்லாமல் முறுக்கினால் ரிலீஸ் பேரிங் எப்போதும் உரசிக்கொண்டிருக்கும், பிளேட் வழுக்கி ஆறு மாதத்தில் புதுக் கிளச்சும் போய்விடும். கிளச் பெடல் மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதிதான். இதைச் சொல்லும்போது பெரியவர் பையனின் காலைப் பார்த்தார்.

அளவு வைத்தும் சரியாகவில்லை என்றால் ஒயரையே பார்க்க வேண்டும். நம் பக்கம் உப்புக் காற்று. போதாததற்கு மீன் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. உறைக்குள் துரு ஏறினால் ஒயர் சிக்கிச் சிக்கி இழுக்கும். இழை ஒன்றிரண்டு அறுந்திருந்தால் மிதிக்கும்போது நீளும். கிளச் செட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டுப் பழைய ஒயரையே திருப்பி மாட்டுவது நம் ஊரில் வழக்கமாக இருக்கிறது. ஒயர் விலை கிளச் செட் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கூடவே மாற்றிவிடச் சொல்லுங்கள். பெடலுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் மேட், உருண்டு போன தண்ணீர் பாட்டில் இவையும் பெடலைத் தரை வரை போகவிடாது. சிரிப்பாக இருக்கும், ஆனால் பாருங்கள்.

ஒயர் இல்லாமல் எண்ணெயால் வேலை செய்யும் கிளச்சும் உண்டு. கொஞ்சம் பெரிய வண்டிகளிலும் பல வேன்களிலும் இருக்கும். இதில் குழாய்க்குள் காற்றுக் குமிழ் புகுந்தால் பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். நாலைந்து தடவை வேகவேகமாக மிதித்துவிட்டுப் போட்டால் கியர் விழுகிறது, சும்மா மிதித்தால் விழவில்லை என்றால் காற்றுதான். காற்றை வெளியேற்றினால் சரியாகும். எண்ணெய் அளவு குறைந்துகொண்டே போனால் எங்கோ கசிகிறது. அதில் பிரேக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுப்போகும்.

எஞ்சின் நிறுத்தியும் விழவில்லை என்றால்

கிளச் மாற்ற வேண்டுமானால் கியர் பாக்ஸைக் கீழே இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கும்போது கியர் லீவரிலிருந்து வரும் ஒயரையோ கம்பியையோ கழற்றுவார்கள். மறுபடி மாட்டும்போது அளவு மாறினால் லீவர் ஒரு இடத்தைக் காட்டும், உள்ளே வேறு இடத்தில் நிற்கும். எஞ்சின் நின்றிருந்தாலும் கியர் தேட வேண்டியிருக்கும். இதுவும் வெளியிலிருந்தே சரி செய்கிற வேலைதான்.

அடுத்தது கியர் ஆயில். இறக்கும்போது ஆயில் வடிந்துவிடும், அல்லது வடித்துவிடுவார்கள். திருப்பி ஊற்ற மறந்த பட்டறைகளும் உண்டு, கையில் இருந்த ஏதோ ஒன்றை ஊற்றிய பட்டறைகளும் உண்டு. ஆயில் இல்லாமல் ஓட்டினால் சில நாளிலேயே கியர் பாக்ஸ் நிஜமாகவே போய்விடும். வேண்டியதைவிடக் கெட்டியான ஆயிலாக இருந்தால் காலையில் கியர் கடினமாக இருக்கும், வண்டி சூடானதும் இளகும். பில்லில் "கியர் ஆயில்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். எந்த ஆயில், எத்தனை லிட்டர் என்று வண்டிக் கையேட்டில் இருக்கும். பழைய வண்டியோடு கையேடு வராது. அதே வண்டி வைத்திருக்கும் இன்னொருவரிடம் வாங்கி அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி இறக்கித்தான் பார்க்க வேண்டியவை

ஒயரும் சரி, பெடலும் சரி, எண்ணெயும் சரி, அப்படியும் கிளச் பிரியவில்லை என்றால் கியர் பாக்ஸை இறக்குவது நியாயம். அப்போதும் இறக்குவதுதான் வேலை. கியர் பாக்ஸைப் பிரித்துப் பல்லை எண்ணுவது வேறு வேலை. இரண்டுக்கும் கூலி வேறு வேறு. இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

பிளேட்டைத் திருப்பிப் போட்டிருக்கலாம். எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று பெரும்பாலும் பிளேட்டிலேயே எழுதியிருக்கும். மாட்டும்போது கியர் பாக்ஸின் முழுப் பாரத்தையும் தண்டில் தொங்கவிட்டால் புதுப் பிளேட் வளைந்துவிடும், அப்புறம் அது ஒரு பக்கம் உரசிக்கொண்டே இருக்கும். தண்டின் நுனியைத் தாங்கும் சின்ன பேரிங் இறுகிப் போயிருந்தால், கிளச் பிரிந்தாலும் தண்டு கூடவே சுற்றும். அது சின்னச் சாமான்தான். ஆனால் அதைப் பார்க்காமல் மாட்டிவிட்டால் மறுபடி முழுக் கூலி. வண்டிக்கு ஒத்துவராத கனத்தில் பிளேட் வாங்கிப் போடுவதும், கம்பெனிப் பெட்டியில் வரும் போலிச் சாமானும் இதே சீக்கைக் கொடுக்கும்.

நம் கடற்கரைக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது. பிளேட் அந்தத் தண்டின் பற்களில் முன்னும் பின்னும் வழுக்கிக்கொள்ள வேண்டும். துரு ஏறினால் வழுக்காது, பிரியாது. கிளச் மாற்றும்போது அந்தப் பற்களைத் துடைத்து, அதற்கென்று உள்ள கிரீஸை மெலிதாகத் தடவ வேண்டும். அதிகம் அப்பினால் சுற்றும்போது தெறித்து லைனிங்கில் படும், அது இன்னொரு தொல்லை. கிளச் இருக்கும் கூட்டில், ஃபோர்க் உள்ளே போகிற ஓட்டையை மூட ஒரு ரப்பர் உறை இருக்கும். கழற்றினால் திருப்பி மாட்ட மறந்துவிடுவார்கள். அது இல்லாவிட்டால் நம் மீன் தண்ணீர் நேராக உள்ளே போகும்.

"ஓட ஓட செட் ஆயிடும்"

இந்த வார்த்தையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் நம்பிவிடுகிறோம். புதுக் கிளச்சில் பெடலின் கனம் மாறும். வண்டி நகரத் தொடங்குகிற இடம், பெடலில் முன்பு இருந்த உயரத்தில் இருக்காது. லைனிங் பதிவதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஆகும், அதுவரை கொஞ்சம் உதறலாம். இவையெல்லாம் பழகிவிடும். கியர் கத்துவதும் விழாததும் ஓடி ஓடிச் சரியாகிற விஷயம் இல்லை. முதல் நாளே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். அடித்துப் போடுகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே அந்தப் பித்தளை வளையமும் பல்லின் முனையும் கொஞ்சம் தேய்கின்றன.

நம் குழுவுக்கும் அதுதான் நடந்தது. ஒயர் அளவு வைத்தபின் எல்லாம் சரியானது, இரண்டாவது கியரைத் தவிர. ஓட்டத்தில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினால் லேசாகக் கத்தியது. "இது முன்னாடி இல்ல. மூணு வாரம் அடிச்சு ஓட்டுனதுல வந்தது" என்றார் பெரியவர். முதல் நாள் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டியது. அந்த மூன்று வாரத்தில் நான் இரண்டு தடவை அந்தக் குழுவின் கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அது டிரைவர் விஷயம் என்று அடுத்த பொருளுக்குப் போய்விட்டோம்.

கூட்டத்தில் சில அக்காமார், "பொம்பளைங்க போய் பட்டறையில நின்னு கேட்டா சிரிக்க மாட்டாங்களா?" என்று கேட்கிறார்கள். 1991-இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அப்போதும் சிரித்தார்கள். அன்று கற்றவர்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறீர்கள். 1993-இல் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டுநரானபோதும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் நின்றிருக்கும். பேருந்து கிளச்சை நாள் முழுக்க மிதித்தவர் அவர்.

பட்டறையில் கேட்க வேண்டியது

வேலைக்கு விடும் முன்பே, கழற்றுகிற பழைய பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். புதுச் சாமான் வந்த பெட்டியையும் வாங்கி வையுங்கள். அதில் பார்ட் நம்பர் இருக்கும், உத்தரவாதம் கேட்க உதவும். துண்டுச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். எந்தச் சாமான் என்ன விலை, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகப் பில் வேண்டும். பணம் கொடுக்கும் முன் பட்டறை வாசலிலேயே ரிவர்ஸ் சோதனையைச் செய்யுங்கள். கத்தினால் பணம் எண்ண வேண்டாம், சரி செய்யச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பில் இருந்தால்தான் மேலே போக முடியும். சேவைக் குறைபாட்டுக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையிடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் கேட்டுக்கொள்ளலாம். புதுக்கோட்டையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நம் குழு அந்த முதல் பட்டறைமேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. கையில் பில் இல்லை.

தடைக்காலத்தில் வண்டியை நிறுத்தும்போது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் வண்டி பலவும் வீட்டு வாசலில் நிற்கும். உப்புக் காற்றில் இரண்டு மாதம் அசையாமல் நின்றால் கிளச் பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஜூன் 15 காலையில் கிளச்சை மிதித்தால் பிரியாது, கியர் விழாது. தடைக்காலத்துக்கு முன்பு கிளச் மாற்றியவர்கள், அந்த மெக்கானிக் கெடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போவார்கள். அவர்மேல் தப்பில்லாமலும் இருக்கலாம். நிறுத்தும் முன் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவி, கொஞ்ச தூரம் ஓட்டி உலரவிட்டு நிறுத்துங்கள். வாரம் ஒரு தடவை எஞ்சினைப் போட்டு, கிளச்சைப் பத்துப் பதினைந்து முறை மிதித்து விட்டு, தெருக்கோடி வரை ஓட்டி வாருங்கள். சில டிராக்டர்களில் நாள்பட நிறுத்தும்போது கிளச் பெடலை அமுக்கியபடியே மாட்டி வைக்க ஒரு கொக்கி வைத்திருப்பதும் இதற்காகத்தான். ஒட்டிக்கொண்டுவிட்டால் வண்டியைக் குலுக்கி விடுவிக்கும் வித்தைகளை ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். மெக்கானிக் இல்லாமல் செய்ய வேண்டாம்.

அந்தக் குழுவின் வண்டி இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது கியருக்கு மட்டும் பையன் கொஞ்சம் நிதானித்துப் போடுகிறான். அதைத் தடைக்காலத்தில் இறக்கிப் பார்ப்பது என்றும், அதுவரை மாதம் ஒரு தொகை தனியாக எடுத்து வைப்பது என்றும் தீர்மான நோட்டில் எழுதியிருக்கிறார்கள். இந்தத் தடவை அந்த அக்காவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.